எந்த ஊர் நீங்கள்? கள்ளக்குறிச்சி சொல்லும் குடிபெயர்வு வரலாறு

நடுத்தர நகரம் ஒன்றில் புதிதாகக் குடியேறுபவரை முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்தடையும்: "உங்களுக்கு எந்த ஊர்?" சென்னை போன்ற பெருநகரில் அண்டை வீட்டாரின் பெயர் தெரியாமலே பல்லாண்டுகள் வாழ்ந்துவிடலாம். சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். புதியவர் வருவதே அரிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில்தான் வீட்டு உரிமையாளரும், மளிகைக் கடைக்காரரும், தொழுகை முடிந்து கைகொடுப்பவரும் இதைக் கேட்கிறார்கள். உறவு தொடங்குவதற்கும் இக்கேள்வி உதவும். "நீ எங்களில் ஒருவன் அல்லன்" என்று உணர்த்துவதற்கும் உதவும். கேட்பவரின் உள்ளமே அதைத் தீர்மானிக்கிறது.

இக்கேள்வியைக் கள்ளக்குறிச்சியிடமே கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

வந்தவர்களால் ஆன ஊர்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், கல்வராயன் மலையின் கிழக்கே விரிந்த சமவெளியில் அமைந்த ஊர் கள்ளக்குறிச்சி. மலையிலிறங்கும் கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் இவ்வட்டாரத்தின் வயல்களுக்கு உயிரூட்டுகின்றன. நெல்லும் கரும்பும் விளைவதால் அரிசி ஆலைகளும், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் உருவாயின.

இப்பகுதி முதலில் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் அது பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 52,000 பேர் வாழ்ந்த நகராட்சி, மாவட்டத் தலைநகராயிற்று. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அலுவலர், ஆசிரியர், செவிலியர், மாணவர் எனப் பலரும் பெட்டி படுக்கையோடு வந்திறங்கும் ஊர் இன்று அது.

வெளியூரார் வருகை இவ்வூருக்குப் புதிதன்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வூரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் செல்லும் அக்கலை, மன்னராட்சிக் காலத்தில் மதுரை வட்டாரத்திலிருந்து இடம்பெயர நேர்ந்த தச்சுக் கலைஞர்கள் கொண்டுவந்தது என்பதே அதன் வரலாறு. இன்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் அக்கலை வாழ்கிறது. ஓர் ஊரின் பெருமை என்று நாம் போற்றுவது, ஒரு காலத்தில் அங்கே அடைக்கலம் தேடி வந்தவர்களின் கைத்தொழிலாக இருந்திருக்கிறது.

மலையின் நினைவு

சமவெளியார் "மலைக்காரர்" என்று அழைக்கும் கல்வராயன் மலை மக்களும் தாங்கள் வந்தேறியவர்கள் என்றே சொல்லிவருகின்றனர். மலையாளி என்னும் பழங்குடியினரான இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை; மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அப்பெயரின் பொருள். இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியமர்ந்து தனித்தனிக் கிளைகளாயினர் என்றும் வழிவழிக் கதைகள் கூறுகின்றன. அக்கதைகளுக்குக் கல்வெட்டுச் சான்று தேடுவது ஒருபுறமிருக்கட்டும். குடிபெயர்வையே தம் தோற்றக் கதையாக ஒரு சமூகம் பாதுகாத்து வருகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

மலையேறி வந்தவர்களின் சந்ததியினருக்கு, பின்னர் அங்கே தம் விருப்பப்படி வாழும் உரிமை நெடுங்காலம் வாய்க்கவில்லை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் அம்மலை இருந்தது. ஜாகிர்தாரருக்கு வரி செலுத்துவதும் கூலியின்றி உழைத்துக் கொடுப்பதும் மக்கள் மீது சுமத்தப்பட்ட கடமைகள். நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னரும் அது உடனே முடிவுக்கு வரவில்லை. 1976-இல்தான் அரசு மலையைத் தன் நேரடிப் பொறுப்பில் ஏற்றது. இன்று ஐம்பது வயதைக் கடந்த ஒரு மலைவாசி பிறந்தபோது அங்கே ஜாகிர் முறை இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

"எந்த ஊர்?" என்னும் கேள்வி சட்டத்தின் வாயிலிருந்து வரும்போது அதன் விளைவு இன்னும் கடுமையானது. மலையாளி இனம் பழங்குடியினர் பட்டியலில் மாவட்டங்களின் பெயரோடு இணைத்தே சேர்க்கப்பட்டது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி என்பன அம்மாவட்டங்கள். தென்னாற்காட்டின் பெயர் அதில் இருந்ததால் கல்வராயன் மலையார் பட்டியலுக்குள் வந்தனர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே பெயருடையோர் நெடுங்காலம் வெளியே நின்றனர். எந்த மலைச்சரிவில் குடியேறினர் என்பது அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கல்லூரி இடத்தையே தீர்மானித்துவிட்டது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்துக்குப் பின் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், கல்வி, பிழைப்பு ஆகியவை பற்றிய கேள்விகள் அங்கே எழுந்தன. சாராயம் என்ற ஒரு சொல்லால் மட்டுமே அம்மலையை அறிந்திருந்த பலருக்கு, அங்கே மனிதர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பது அப்போதுதான் செய்தியாயிற்று.

பயணத்துக்குப் பின்

கி.பி. 622-இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தை நாம் பெரும்பாலும் ஒரு பயணமாகவே நினைவுகூர்கிறோம். ஸவ்ர் குகை, பாலைவனப் பாதை, மதீனாவின் வரவேற்பு ஆகியவற்றோடு கதை நின்றுவிடுகிறது. ஆனால் புதிய ஊரில் வாழத் தொடங்குவதே கடினமான பகுதி. மதீனாவின் காற்று முஹாஜிர்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் படுத்தார்கள். மக்காவில் அடிமையாக வதைக்கப்பட்ட பிலால் (ரலி) அவர்களே, அந்த ஊரின் புல்லையும் நீர்ச்சுனைகளையும் எண்ணி ஏங்கினார்கள். அவ்வேக்கத்தை நபி (ஸல்) அவர்கள் குறையாகக் கருதவில்லை. மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்குவாயாக என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். பிறந்த ஊரை நேசிப்பவர் வந்த ஊருக்குத் துரோகி அல்லர் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மற்றொரு நிகழ்ச்சி நாம் அறிந்ததே. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தைக்குச் செல்லும் வழியை மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார். வந்தவர் கேட்டது சந்தைக்குச் செல்லும் வழியை மட்டுமே. அதை மனமுவந்து காட்டியதால்தான் அன்ஸார்கள் என்னும் பெயருக்கு அவ்வளவு மதிப்பு.

நம் ஊரில்

கல்வராயன் மலையிலிருந்து சாமையும் தேனும் கடுக்காயும் மட்டும் இறங்கி வருவதில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் தலைமுறை மாணவியும், கட்டட வேலைக்கு வரும் இளைஞனும், நோயுற்ற தாயை மருத்துவமனைக்கு அழைத்துவரும் மகனும் இறங்கி வருகின்றனர். அவர்களுக்கும் வாடகைக்கு ஓர் அறை வேண்டும். உணவகத்தில் மதிப்புடன் ஓர் இருக்கை வேண்டும். அலுவலகத்தில் விண்ணப்பத்தை நிரப்பித்தர ஒரு கை வேண்டும். வடமாநிலத்திலிருந்து ஆலை வேலைக்கு வருபவருக்கும் இவைதாம் தேவை. நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் செல்லும்போது அவர்களுக்காக நாம் வேண்டுவதும் இவையே.

பூர்வீகம் என்பது பெரும்பாலும் சற்று முன்னரே வந்து சேர்ந்ததன் மற்றொரு பெயர். மதுரையிலிருந்து வந்த கலைஞனை ஏற்ற ஊர் ஒரு கலையைப் பெற்றது. இன்று மலையிலிருந்து இறங்கி வருபவர் எதைக் கொண்டுவருகிறார் என்று இப்போதே கணக்கிட நமக்கு இயலாது. ஆதலால், "எந்த ஊர்?" என்று கேளுங்கள்; விடை வந்ததும், "இங்கே உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சந்தைக்குச் செல்லும் வழியைக் காட்டும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.