கோல அணி இலக்கணம்

கோல அணி இலக்கணம் என்பது கணினியியலின் முறைசார் மொழிக் கோட்பாட்டில், இருபரிமாண உருவங்களை விதிகளின் மூலம் பிறப்பிக்கும் கணித முறை ஆகும். தமிழ்நாட்டு வாசல்களில் இடப்படும் புள்ளிக் கோலங்களை அடிப்படையாகக் கொண்டு, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி (1932–1988), ராணி சிரோமணி (1929–2019) ஆகியோரும் கமலா கிருதிவாசனும் இதனை உருவாக்கினர். இது குறித்த அவர்களது ஆய்வுக்கட்டுரை 1974 இல் வெளியானது.

பின்னணி

1950களில் நோம் சோம்சுக்கி வகுத்த இலக்கணங்கள் குறியீடுகளை ஒரே வரியில் அடுக்குபவை. நிரல்மொழிகளுக்கு அது போதும், உருவங்களுக்குப் போதாது. கோலமிடும் பெண்களோ ஐந்து புள்ளிக் கோலத்தைக் கண்டு ஒன்பது புள்ளிக்கும் விரித்து இடுவர். அவர்கள் நினைவில் வைத்திருப்பது படத்தை அன்று, விதியை எனலாம். எழுதப்படாத அவ்விதியைக் கணினிக்கு எவ்வாறு உரைப்பது என்பதே ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட வினா.

செயல்முறை

1972 இல் இவர்கள் முன்வைத்த முந்தைய முறையில் உருவம் இரு கட்டங்களில் பிறக்கும். எடுத்துக்காட்டாக, 'ட' என்னும் எழுத்தைக் கொள்வோம். முதலில் கிடைவரிசையில் அ, ஆ, ஆ, ஆ எனக் குறிகள் தோன்றும். பின்னர் எல்லா நிரல்களும் ஒரே வேளையில் கீழ்நோக்கி வளரும். 'அ' நிரல் முழுவதும் புள்ளிகளை இடும். 'ஆ' நிரல்கள் இறுதி வரிசையில் மட்டும் புள்ளி இட்டு, மற்ற இடங்களை வெற்றாக விடும். இவ்வாறு எந்த அளவிலும் 'ட' கிடைக்கும். ஆயினும் அகலமும் உயரமும் ஒன்றையொன்று அறியாமல் வளர்வதால், இரு கைகளும் சம நீளமுள்ள 'ட'வை மட்டும் பெற இயலாது. கோலத்திற்கு இது பெருங்குறை. அது விகிதம் மாறாமல் வளர வேண்டும். எனவே தனிக்குறிகளுக்குப் பதிலாக முழு அணிகளையே பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒட்டி வளர்க்கும் விதிகள் தேவைப்பட்டன.

கம்பிக் கோலமும் எண்ணியலும்

புள்ளிகளைச் சுற்றி வளையும் கம்பிக் கோலத்தை (சிக்குக் கோலம்) கையெடுக்காமல் ஒரே இழையில் முடிக்க முடியுமா என்பது கோலமிடுவோர் நன்கறிந்த சிக்கல். செவ்வக வடிவில் புள்ளி வைத்து, அடுத்தடுத்த ஒவ்வொரு இரு புள்ளிகளுக்கும் நடுவே கோடுகள் குறுக்கிடுமாறு இட்டால், இழைகளின் எண்ணிக்கை வரிசை, நிரல் எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்திக்குச் சமம். 3×4 புள்ளிகளுக்கு ஓர் இழை. 4×6 க்கு இரண்டு. 4×4 க்கு நான்கு. பொது வகுத்தியைக் காண யூக்ளிடின் வழிமுறை உதவும்.

பிற்கால வளர்ச்சி

தாவர வளர்ச்சியை விளக்க 1968 இல் அரிசுட்டிட் லிண்டன்மேயர் அமைத்த எல்-முறைமைகளும் கோலத்திற்குப் பொருந்தின. பிரசின்கீவிச்சு, கமலா கிருதிவாசன் உள்ளிட்டோர் 1980களின் இறுதியில் கோலங்களையும் கருநாடக இசையையும் இம்முறையால் ஆராய்ந்தனர். 'கிருட்டிணன் கொலுசு' என்னும் கோலம் இன்று எல்-முறைமைக்கான வழமையான பயிற்சி எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.