சாவி எங்கே?

1989 டிசம்பர். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில், ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் லண்டனிலிருந்து பல நாடுகளுக்கு அஞ்சலில் சென்றன. கணிப்பொறியில் இட்டவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஏறத்தாழ 90 முறை இயக்கிய பின் கோப்புப் பெயர்கள் சிதைந்தன. பனாமா நாட்டு அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்புமாறு திரையில் செய்தி தோன்றியது. பணம் பறிக்கும் 'ரான்சம்வேர்' நிரல்களில் இதுவே முன்னோடி. நல்லவேளை, பூட்டிய சாவியே திறக்கவும் பயன்பட்டது. அது நிரலுக்குள்ளேயே இருந்தது! வல்லுநர்கள் அதைக் கண்டெடுத்து மாற்று நிரல் எழுதினர்.

1996இல் ஆடம் யங், மோட்டி யுங் என்னும் ஆய்வாளர்கள் எச்சரித்தனர்: பூட்ட ஒரு சாவி, திறக்க வேறொரு சாவி என்னும் பொதுச்சாவி முறையைக் கையாண்டால், திறக்கும் சாவி திருடனிடமே தங்கிவிடும். பின்னாளில் அப்படியே நடந்தது. பூட்டை உடைக்க வழியில்லையெனில், முன்பே எடுத்துவைத்த நகலே துணை.

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பு தாக்குண்டது. அமைப்போடு இணைந்திருந்த காப்பு நகல்களும் பூட்டப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் பறிபோயின.

கப்பலூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைக் கணக்கானாலும், வீட்டுப் புகைப்படங்களானாலும் இதே ஆபத்துதான். வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் நகலெடுத்து, உடனே கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால் அதையும் நிரல் பூட்டிவிடும்.

தாக்குண்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்ற உறுதியில்லை. 2016இல் நெதர்லாந்துக் காவல்துறையும் யூரோபோலும் பிறரும் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' திட்டத்தில் சில வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. இல்லையெனில், வட்டை முழுதும் அழித்து இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவிய பிறகே நகல் தட்டைச் செருக வேண்டும்.