ஹார்மோன் லூப்: நடுவயதில் யாருக்குப் பொருந்தும்

ஹார்மோன் லூப் கருப்பைக்குள் பொருத்தப்படும் கருத்தடைச் சாதனம். ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில், 32 மில்லிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட பிளாஸ்டிக் சட்டம் இது. தண்டைச் சுற்றியுள்ள உறையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் வகையில் இதன் அளவு 52 மில்லிகிராம். மிரெனா என்ற வணிகப் பெயரே மருத்துவர்களிடமும் நோயாளிகளிடமும் அதிகம் புழங்குகிறது. 13.5, 19.5 மில்லிகிராம் கொண்ட சிறிய வகைகளும் உண்டு. ஆனால் நாற்பதைக் கடந்தவர்களைப் பற்றிய பேச்சில் 52 மில்லிகிராம் வகையே பொருட்படுத்தத்தக்கது.

அந்த வயதில் இதைப் பொருத்துவதா வேண்டாமா என்பது கருத்தடையை மட்டும் வைத்து முடிவாவதில்லை. உதிரப்போக்கு எப்படி இருக்கிறது, மாதவிடாய் நிறுத்தம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் பங்குண்டு. கருத்தடை மட்டுமே தேவைப்படும் பெண்ணுக்கு இது பல நல்ல வழிகளில் ஒன்று. கருத்தடைத் தேவையோடு பெரும் உதிரப்போக்கும் சேர்ந்து வாட்டும் பெண்ணுக்கு இதற்கு நிகரான வேறு வழி எளிதில் கிடைக்காது.

தோற்றம்

புரோஜெஸ்டிரோனைக் கசியவிடும் முதல் சாதனம் 1976-இல் அமெரிக்காவில் வந்தது. ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருந்ததால் அது நிலைக்கவில்லை. நீண்டகாலம் நிற்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனத்தை நியூயார்க்கின் பாப்புலேஷன் கவுன்சிலோடு சேர்ந்து உருவாக்கியவர் பின்லாந்து மருத்துவர் தப்பானி லூக்கைனன். 1990-இல் பின்லாந்தில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க அனுமதி 2000 டிசம்பரில் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் எச்.எல்.எல். லைஃப்கேர் என்ற பொதுத்துறை நிறுவனமும் ‘எமிலி’ என்ற பெயரில் இதைத் தயாரிக்கிறது. எனினும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பொருத்தப்படுவது பெரும்பாலும் காப்பர்-டி வகைகளே.

வேலை செய்யும் விதம்

தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் மருந்து கசிகிறது. ஐந்தாண்டில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. கருப்பை வாயின் சளி கெட்டிப்பட்டு விந்தணுவைத் தடுக்கிறது. கருப்பையின் உட்சுவர் மெலிந்துபோகிறது. மருந்தின் பெரும்பகுதி கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலக்கும் அளவு மாத்திரையைவிடக் குறைவு. முதல் ஆண்டில் 1,000 பேரில் சுமார் இருவர் மட்டுமே கருவுறுகிறார்கள்.

மருந்து உட்சுவரை மெலியச் செய்வதால் உதிரமும் குறைகிறது. ஓராண்டு முடிவில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் நின்றே போகிறது. கெட்ட ரத்தம் வெளியேறாமல் உள்ளே தங்கிவிடுமோ என்ற அச்சம் நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. லூப்பைப் பாதியில் எடுக்கச் சொல்பவர்களிடம் இந்தக் காரணத்தை அடிக்கடி கேட்கலாம். உட்சுவர் தடிக்காதபோது வெளியேற ரத்தம் எதுவும் சேர்வதில்லை, ஆகவே தங்குவதற்கும் ஒன்றுமில்லை. இப்படி நிற்பது மெனோபாஸும் அல்ல. பெரும்பாலோருக்குச் சினைப்பைகள் வழக்கம்போல் இயங்கிக்கொண்டுதான் இருக்கும்.

நாற்பதுக்குப் பின் கருத்தடைத் தேவை

கருவுறும் வாய்ப்பு நாற்பதில் குறைகிறதே தவிர அற்றுப்போவதில்லை. சுழற்சி தாறுமாறாகும் ஆண்டுகளில் முட்டை எப்போது வெளிப்படும் என்று கணிக்க முடியாது. அதனால் நாள் கணக்கு பார்க்கும் முறை அந்த வயதில்தான் அதிகம் காலை வாருகிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளும் பலருக்கு அப்போது பொருந்துவதில்லை: புகைபிடிப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பார்வைக் கோளாறோடு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள். ஹார்மோன் லூப்பில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. இவர்களில் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்தலாம்.

தமிழ்நாட்டின் நிலை சற்று வேறு. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; நாட்டின் சராசரி 37.9. நாற்பது வயதில் அவர்களுக்குக் கருத்தடை தேவையில்லை. ஆகவே இங்கே ஒரு பெண் இந்தச் சாதனத்தைப் பற்றி முதன்முதலில் கேள்விப்படுவது, பெரும்பாலும், கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்ற பேச்சு எழும்போதுதான். (ஆண்களின் வாசக்டமி நாடு முழுவதும் 0.3 சதவீதம். எளிய சிகிச்சை அது. அதைப் பற்றிய பேச்சே எழுவதில்லை என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.)

பெரும்போக்கும் கர்ப்பப்பை அகற்றுதலும்

சித்த மருத்துவம் பெரும்பாடு என்று சொல்லும் மிகை உதிரப்போக்கு, நாற்பதுகளில் மகளிர் மருத்துவரைத் தேடிப்போக வைக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. சில மாதங்களில் முட்டை வெளிப்படாமல் போவது, நார்க்கட்டி, கருப்பைத் தசைக்குள் உட்சுவர் ஊடுருவும் அடினோமயோசிஸ் ஆகியவை வழக்கமான காரணிகள். இந்தப் போக்கை ஹார்மோன் லூப் பெரிதும் மட்டுப்படுத்துகிறது. பிரிட்டனில் 571 பெண்களிடம் நடந்து 2013-இல் வெளியான எக்லிப்ஸ் ஆய்வில், மாத்திரை மருந்து எடுத்தவர்களைவிட லூப் பொருத்திக்கொண்டவர்களின் அன்றாட வாழ்க்கை கூடுதலாக மேம்பட்டது. இரண்டாண்டு கழித்தும் லூப்பைத் தொடர்ந்தவர்கள் 64 சதவீதம். மாத்திரையைத் தொடர்ந்தவர்கள் 38 சதவீதம்.

பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு இதைவிடக் கவனத்துக்குரியது. கர்ப்பப்பை அகற்றப் பரிந்துரைக்கப்பட்ட 236 பெண்களில் பாதிப் பேருக்கு அறுவை, பாதிப் பேருக்கு லூப் என்று பிரித்தார்கள். ஐந்தாண்டு முடிவில் இரு தரப்பின் வாழ்க்கைத் தரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. லூப் தரப்பின் செலவு குறைவு. லூப் பொருத்திய தரப்பில் 42 சதவீதம் பேர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். லூப் எல்லாருக்கும் கைகொடுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எஞ்சிய 58 சதவீதம் பேர் பெரிய அறுவை ஒன்றைத் தவிர்த்தார்கள். இந்தியாவில் கர்ப்பப்பை அகற்றிக்கொண்ட பெண்களில் பாதிப் பேருக்கு அது நடுமுப்பதுகளுக்குள்ளாகவே நடந்துவிடுகிறது என்பதை நினைத்தால், கத்திக்கு முன் லூப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது பெண்ணின் உரிமை என்றே சொல்ல வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. காரணம் தெரியாத உதிரப்போக்கை லூப்பால் மூடிவிடக் கூடாது. நாற்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு, உடல் பருமனோ சர்க்கரை நோயோ இருந்தால் அதற்கு முன்பே, ஸ்கேனும் தேவைப்பட்டால் உட்சுவரின் திசுப் பரிசோதனையும் முதலில் நடக்க வேண்டும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதே உதிரப்போக்குதான்.

பொருந்தாதவர்கள்

மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. குணமாகி ஆண்டுகள் கடந்தவர்களுக்கும் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. கட்டிகள் கருப்பைக்குழியின் வடிவத்தையே மாற்றியிருந்தால் லூப் நிற்காது. இடுப்புக்குழித் தொற்று, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவையும் தடைகளே.

புற்றுநோய் இல்லாதவர்களும் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். டென்மார்க்கில் நடந்து 2024-இல் வெளியான பெரிய ஆய்வில், ஐந்தாண்டுவரை பயன்படுத்திய 10,000 பேருக்குச் சுமார் 14 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. சிறிய எண்தான், ஆனால் வயது ஏற ஏற இந்த நோயின் அடிப்படை வாய்ப்பும் ஏறுகிறது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ நோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியே முடிவெடுக்க வேண்டும்.

பொருத்துதலும் முதல் ஆறு மாதமும்

பொருத்தச் சில நிமிடங்களே ஆகும். வலி ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மாதவிடாய் வலி போல. சிலருக்குத் தாங்க முடியாத அளவு. எல்லாப் பிரசவமும் சிசேரியனாகவே நடந்தவர்களுக்குக் கருப்பை வாய் இறுக்கமாக இருக்கலாம். மரத்துப்போகச் செய்யும் ஊசி உண்டு. அதை முன்கூட்டியே கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. கருப்பைச் சுவரில் துளை விழுவது 1,000-க்கு ஒன்றிரண்டு. தானாக வெளியே வந்துவிடுவது சுமார் 20-க்கு ஒன்று. பெரும்போக்கும் நார்க்கட்டியும் உள்ளவர்களிடம் இது கூடுதல்.

முதல் மூன்று முதல் ஆறு மாதம்வரை ஒழுங்கற்ற திட்டுத்திட்டான கசிவு இருக்கும். பலர் பொறுமை இழந்து எடுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பூஜை, கோயில், கல்யாணம் என்று நாள் பார்க்கும் வீடுகளில் இந்தக் கசிவு உண்டாக்கும் சங்கடத்தை மருத்துவர்கள் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை. ஆறு மாதம் கழியுமுன் இதன் பலனை எடைபோட முடியாது என்பதைப் பொருத்துவதற்கு முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

முகப்பரு, மார்பக வலி, தலைவலி, மனச்சோர்வு ஆகியவை சிலருக்கு வருகின்றன. இவற்றில் பல மாதவிடாய் நிறுத்தத்தை நெருங்கும் வயதிலும் தாமாக வருபவை என்பதால், குற்றம் லூப்புடையதா வயதினுடையதா என்று பிரிப்பது கடினம். உடல் திடீரெனச் சூடேறி வியர்ப்பதை இது தணிக்காது. பால்வினைத் தொற்றுகளையும் தடுக்காது.

எப்போது எடுப்பது

52 மில்லிகிராம் மிரெனாவுக்குக் கருத்தடைக் காலம் எட்டாண்டு என அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏற்கப்பட்டுள்ளது. 45 வயதிலோ அதற்குப் பின்போ பொருத்தினால் 55 வரை மாற்றாமல் வைத்திருக்கலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46 வயதை ஒட்டி. லூப் இருக்கும்போது அந்த நாள் வந்ததே தெரியாமல் போகும். ஐம்பதைக் கடந்து, உதிரமும் வராத பெண்ணுக்கு சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் ரத்தப் பரிசோதனையில் அளவு 30-ஐத் தொட்டால், இன்னும் ஓராண்டு வைத்திருந்து எடுத்துவிடலாம். 55-க்குப் பின் தொற்றுக்கு இடம் தராமல் எடுத்துவிடுவதே நல்லது.

சூடேற்றத்துக்காக ஈஸ்ட்ரோஜன் ஜெல்லோ பேட்ச்சோ பயன்படுத்துபவர்களுக்குக் கணக்கு மாறும். தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சுவரைத் தடிக்க வைத்துப் புற்றுநோய்க்கு வழி செய்யும். லூப் அதைத் தடுக்கிறது. அந்தக் காவலுக்கு எட்டாண்டுக் கணக்கோ 55 வயதுக் கணக்கோ செல்லாது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதியது பொருத்த வேண்டும்.