கண்டி மைதானங்களும் முரளிதரனின் பெயரும்

மலையகத்தின் சர்வதேச கிரிக்கெட் வரலாறு கண்டி நகரிலும் அதன் அயலிலும் உள்ள இரண்டு மைதானங்களுக்கு உரியது. ஒன்று அஸ்கிரிய, மற்றையது பல்லேகல. ஹட்டன், நுவரெலியா தோட்டப்புற ரசிகர்களுக்குப் பெரிய போட்டியொன்றைக் காண அண்மையிலுள்ள அரங்குகளும் இவையே.

அஸ்கிரிய மைதானம் கண்டி திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமானது. குன்றின் சரிவை வெட்டிச் சமப்படுத்தி 1915இல் திறக்கப்பட்டது. பாடசாலை ஒன்றின் விளையாட்டுத் திடல் டெஸ்ட் அரங்காக உயர்வது கிரிக்கெட் உலகில் அபூர்வம். 1983 ஏப்ரலில் இங்கு நடைபெற்ற முதலாவது டெஸ்டில் இலங்கை அவுஸ்திரேலியாவிடம் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. 1999 செப்டெம்பரில் இதே மைதானத்தில் ஆறு விக்கெட்டுகளால் வென்று அவ்வணிக்கு எதிரான முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. 1996 உலகக் கிண்ணத்தில் கென்யாவுக்கு எதிராக இலங்கை இங்கு குவித்த 398 ஓட்டங்கள், ஒருநாள் போட்டிகளில் அணியொன்றின் அதிகூடிய ஓட்ட எண்ணிக்கையாகப் பத்து ஆண்டுகள் நிலைத்தன.

எனினும் அஸ்கிரியவின் சாதனைப் பட்டியலில் முதன்மையானவர் முத்தையா முரளிதரனே. அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய சமூகம் அது. 1977 வன்செயலில் முரளியின் தந்தையாரின் பிஸ்கட் தொழிற்சாலையும் தீக்கிரையானது. அக்குடும்பத்தின் பிள்ளை அஸ்கிரியவில் மட்டும் 117 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2002 ஜனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக 51 ஓட்டங்களுக்கு ஒன்பது விக்கெட்டுகளைக் கைப்பற்றினார்; பத்தாவது விக்கெட் சமிந்த வாஸுக்குப் போயிற்று. 2007 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தின் கொலிங்வூட்டை ஆட்டமிழக்கச் செய்து, 709ஆவது விக்கெட்டுடன் ஷேன் வோர்னின் உலக சாதனையை முறியடித்ததும் இங்கேதான். அஸ்கிரிய கண்ட கடைசி டெஸ்ட் போட்டியும் அதுவே.

2011 உலகக் கிண்ணத்தை முன்னிட்டு அமைக்கப்பட்ட பல்லேகல மைதானம் 2009 நவம்பரில் திறக்கப்பட்டது. 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுடனான அதன் முதலாவது டெஸ்டில், முதற் பந்திலேயே கிறிஸ் கெய்ல் ஆட்டமிழந்தார். அவுஸ்திரேலியாவுக்கு எதிரான இலங்கையின் இரண்டாவது டெஸ்ட் வெற்றியும், 17 ஆண்டுக் காத்திருப்பின் பின், 2016இல் இங்கு கிட்டியது. குசல் மெண்டிஸ் அதில் 176 ஓட்டங்களைப் பெற்றார். 2024 பெப்ரவரியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காது 210 ஓட்டங்களைப் பெற்றார். ஒருநாள் போட்டியில் இலங்கையர் ஒருவரின் முதலாவது இரட்டைச் சதம் அது.

2010 ஜூலையில் முரளிதரன் காலியில் 800ஆவது விக்கெட்டுடன் டெஸ்ட் களத்திலிருந்து விடைபெற்றார். அதே மாதத்தில் பல்லேகல மைதானத்துக்கு அவருடைய பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை முடிவு செய்தது. மாகாண சபையொன்று மலையகத் தமிழர் ஒருவருக்கு இத்தகைய மரியாதையை வழங்க முன்வந்தது சிறிய விடயமல்ல. தோட்டப்புறச் சிறுவர்கள் லயன் அறைகளுக்கு முன்னாலுள்ள சிறு வெளிகளில் பந்து வீசிப் பழகுபவர்கள். அவர்களுக்கு அப்பெயர்ப் பலகை எதனை உணர்த்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவு முடிவாகவே நின்றுவிட்டது. ஓட்ட அட்டைகளும் ஒளிபரப்பாளர்களும் இன்றும் 'பல்லேகல' என்றே குறிப்பிடுகின்றனர். அங்கு ஒரு டெஸ்ட் பந்தேனும் வீசும் வாய்ப்பும் முரளிதரனுக்குக் கிட்டவில்லை.