வானத்துத் தீவுகளும் காரைதீவு ஆபிரகாமும்

ஒல்லாந்தர் ஆட்சியிலே நம்முடைய தீவுகளுக்கு அவர்கள் நாட்டு ஊர்ப் பெயர்கள் சூட்டப்பட்டன என்பதைத் தீவகத்தார் பலரும் அறிவர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெருந்தீவுக்கு லைடன் என்று பெயர். ஒல்லாந்தின் லைடன் நகரிலே 1633ஆம் ஆண்டு தொட்டு ஒரு வானாய்வுக்கூடம் இருந்து வருகிறது. நமது பால்வெளி முழுவதும் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்பதை 1927இல் உறுதிப்படுத்திய யான் ஊர்ட் அங்கேதான் பணியாற்றினார். இன்னொன்றும் உண்டு. ஊர்காவற்றுறையைக் காவலூர் என்று சுருக்கி அழைப்பது நம்மவர் வழக்கம். தமிழ்நாட்டிலே ஜவ்வாது மலையிலும் ஒரு காவலூர் இருக்கிறது. 2.34 மீற்றர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே நிற்கிறது.

பெயர்ப் பொருத்தம் பார்த்து மகிழ்வது பத்திரிகைக்காரனின் பழைய பலவீனம். வாசகர்கள் பொறுத்தருள்க. ஆயினும் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய பொருத்தம் வேறு. இன்று விண்மீன் மண்டலம் என்றும் பேரடை என்றும் நாம் எழுதுகின்றவற்றை ஒரு காலத்தில் மேனாட்டறிஞர் தீவுகள் என்றே அழைத்தனர். வானில் மங்கலாகத் தெரியும் முகிற்படலங்கள் சில, நமது பால்வெளியைப் போன்ற வேறு விண்மீன் தொகுதிகளாக இருக்கலாம் என்று 1755இல் எழுதியவர் மெய்யியலாளர் கான்ற். அடுத்த நூற்றாண்டில் ஹம்போல்ட் அவற்றுக்கு 'உலகத் தீவு' என்ற சொல்லை வழங்கினார். அந்தத் தீவுகள் உண்மையில் உண்டா இல்லையா என்ற வழக்கு 1920கள் வரை தீராமல் இழுபட்டது. அந்தக் காலத்திலேதான் நமது தீவுகளில் பிறந்த ஒருவர் வானத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் அலன் ஆபிரகாம். 1865இல், பின்னாளில் காரைநகர் எனப் பெயர் மாறிய காரைதீவிலே பிறந்தவர். இயற்பெயர் அம்பலவாணர். பொன்னாலைக் கடலைக் கடந்தால் வட்டுக்கோட்டை. அங்குள்ள யாழ்ப்பாணக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராக விளங்கினார். ஹலியின் வால்வெள்ளி 1910இல் வந்தபோது அதன் போக்கைக் கணித்து அவதானித்தவர் என்ற புகழ் அவருக்கு உண்டு. லண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினர் என்ற தகுதியும் அவரைத் தேடி வந்தது.

வட்டுக்கோட்டைக்கு அதற்கு முன்பே ஒரு வானியல் மரபு இருந்தது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய செமினறியிலே வானியல் ஒரு முக்கிய பாடம். 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றி அதன் தலைவர் டானியல் பூவருக்கும் அராலிப் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாருக்கும் இடையே எழுந்த கணக்கு வேறுபாடு யாழ்ப்பாண வரலாற்றில் பேர்பெற்றது. மிசனரிமார் அதைத் தங்கள் வெற்றியாகவே எழுதி வைத்தனர். எனக்கோ, தொலைநோக்கியின் துணையின்றி, வாய்பாடுகளைக் கொண்டே ஒரு கிரகணத்தை அவ்வளவு நெருக்கமாகச் சொன்ன சாஸ்திரியாரின் மரபும் குறைத்து மதிக்கத் தக்கதன்று என்றே தோன்றுகிறது. மிசனரிகளில் ஹொய்சிங்ரன் என்பவர் அதை உணர்ந்திருக்க வேண்டும். 1848இல் நம்மவரின் வானியல் முறையை ஒரு முழு நூலாக ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் யாழ்ப்பாணத்திலே அச்சிட்டார். செமினறி 1855இல் மூடப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரி 1872இல் எழுந்தது. ஆபிரகாம் இந்த இரு மரபுகளும் கலந்த மண்ணிலே வளர்ந்தவர்.

கோள்களும் கிரகணங்களும் வால்வெள்ளிகளும் கணக்குக்கு அடங்குவன. வானத்துத் தீவுகளோ அடங்கவில்லை. ஆபிரகாமுக்கு இருபது வயதானபோது, 1885இல், அந்திரொமேடாப் படலத்தினுள் ஒரு விண்மீன் திடீரென ஒளிர்ந்து மறைந்தது. அந்தப் படலம் உண்மையிலேயே தொலைவில் உள்ள தனித் தீவாயின், அந்த ஒற்றை விண்மீன் கோடிக்கணக்கான சூரியன்களின் ஒளியைக் கக்கியிருக்க வேண்டும். இது நம்பத்தக்கதா என்று பலர் கேட்டனர். (கக்கியதுதான். அது சுப்பர்நோவா வெடிப்பு என்பது பின்னரே விளங்கியது.) 1920 ஏப்ரல் 26ஆம் திகதி வாஷிங்ரனிலே ஷாப்லி, கேர்ட்டிஸ் என்ற இருவரும் இதைப் பற்றி நேருக்கு நேர் வாதிட்டனர். பால்வெளி மூன்று இலட்சம் ஒளியாண்டு அகலமானது, சுருட்படலங்கள் தனித் தீவுகள் அல்ல என்றார் ஷாப்லி. பால்வெளி சிறியது, அவை தனித் தீவுகளே என்றார் கேர்ட்டிஸ். சூரியன் பால்வெளியின் நடுவில் இல்லை என்பதிலே ஷாப்லியும், தீவுகள் உண்டு என்பதிலே கேர்ட்டிஸும் சரியாக இருந்தனர்.

தீர்ப்பு ஒரு சிறு வெண்முகிலிலிருந்து வந்தது. தென்வானத்தின் சிறிய மகெலன் முகிலிலே ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை ஆராய்ந்த ஹென்றியற்றா லீவிற், அவை துடிக்கும் காலம் நீள நீள அவற்றின் உண்மையான ஒளியும் கூடுகிறது என்று 1912இல் காட்டினார். துடிப்பை அளந்தால் உண்மை ஒளி தெரியும். அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தொலைவு தெரியும். 1923 ஒக்ரோபரில் அத்தகைய விண்மீன் ஒன்றை அந்திரொமேடாவிலே எட்வின் ஹபிள் கண்டார். அது துடிக்கும் காலம் 31 நாள்கள். தொலைவு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ஒளியாண்டு என்று கணக்கு வந்தது. ஷாப்லியின் பால்வெளிக்குள்ளும் அது அடங்காது. 1925 ஜனவரி முதலாம் திகதி இந்த முடிவு வானியலாளர் கூட்டமொன்றிலே வாசிக்கப்பட்டது.

அலன் ஆபிரகாம் 1922இல் காலமானார். ஓராண்டு முந்திவிட்டார்.

அதன் பின்னர் தீவுகளை வகைப்படுத்தும் வேலை தொடங்கிற்று. ஹபிள் 1926இல் வகுத்த முறையே சில திருத்தங்களோடு இன்றும் வழக்கில் உள்ளது. நீள்வட்ட மண்டலங்கள் ஒரு வகை. பந்துபோல் உருண்டவை தொடங்கி நன்றாக நீண்டவை வரை இவற்றுள் எட்டுப் படிகள். பெரும்பாலும் முதிய செந்நிற விண்மீன்கள். புதியவை பிறப்பதற்கு வேண்டிய குளிர்ந்த வாயு மிகக் குறைவு. 2019இல் கருந்துளையின் முதற்படம் வெளியிடப்பட்ட எம் 87 இவ்வகையது. சுருள் மண்டலங்கள் தட்டையானவை. அவற்றின் கைகளிலே வாயுவும் தூசும் இளம் நீல விண்மீன்களும் நிறைந்திருக்கும். நடுவிலே ஒரு சட்டம் போட்டாற்போல் விண்மீன் பட்டை இருப்பின் அது பட்டைச் சுருள். நமது பால்வெளி இந்த இனம். நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் இடைப்பட்ட வில்லை வடிவமும் உண்டு. எதிலும் சேராதவை ஒழுங்கற்றவை. இவற்றை ஹபிள் பின்னர் ஓர் இசைக்கவை வடிவிலே வரைந்தார். ஒரு வகை முதிர்ந்து அடுத்த வகையாகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் எண்ணுவதுண்டு. அது பிழை. சுருள்கள் மோதிக் கலந்து நீள்வட்டமாவதே நடப்பது என்பது இன்றைய கருத்து.

இவையும் தனித்தனியே மிதப்பன அல்ல. பால்வெளியும் அந்திரொமேடாவும் இரு பெருந்தீவுகள். முக்கோண மண்டலம் மூன்றாவது. சுற்றிலும் பல பத்துச் சிறு தீவுகள். இதை உள்ளூர்த் தொகுதி என்பர். நமது சப்த தீவுகளைப் போன்ற ஒரு தீவகம் என்று கொள்க.

ஹபிள் கண்ட தொலைவு குறைவானது. சரியானது 25 இலட்சம் ஒளியாண்டு. இந்தத் திருத்தத்தின் கதையைப் படித்தபோது நான் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். இரண்டாம் உலகப் போரிலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்கணைத்து இருண்டது. ஜெர்மானியர் என்பதால் போர்ப் பணியில் சேர்க்கப்படாத வோல்ற்றர் பாடே, அந்த இருளிலே மவுண்ட் வில்சனின் நூறங்குலத் தொலைநோக்கியை அந்திரொமேடாவின் நடுவுக்குத் திருப்பினார். விண்மீன்களில் இரு தலைமுறைகள் உண்டு என்று அவர் 1944இல் வெளியிட்டது அவ்வாறு கண்டதே. துடிக்கும் விண்மீன்களிலும் இரு வகை உண்டு என்பது அதைத் தொடர்ந்து தெளிவாகி, 1952இல் அண்டத்தின் அளவே இருமடங்காயிற்று.

நமக்கும் இருள் வந்தது. 1990இன் நடுப்பகுதியில் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட்டிலே படையினர் ஊர்காவற்றுறையில் இறங்கினர். தீவக மக்கள் ஊர்களை விட்டுப் பெயர்ந்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட அந்த இரவுகளிலே பால்வெளி கூரைக்கு மேல் கிடந்தது. வட்டுக்கோட்டையிலோ தீவுகளிலோ அந்த இருளைப் பயன்படுத்த ஒரு பாடே இல்லை. வானத்தில் ஓசை கேட்டால் பதுங்குகுழியைத் தேடிய மக்கள், எதற்காக அண்ணாந்து பார்ப்பர்?

இப்போது வெளிச்சம் வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தருவதற்கு இந்திய நிதியுதவியுடன் 2024 மார்ச்சிலே ஒப்பந்தமாயிற்று. வானத்தின் பொருட்டுத் தீவார் இருளிலே இருக்கட்டும் என்று எவரேனும் கூறுவாராயின் நான் அவருடன் சேரேன். தெருவிளக்குகளுக்குத் தலையிலே ஒரு மூடி போட்டு ஒளியைத் தரைக்கு அனுப்பினாற் போதும். அது செலவு கூடிய காரியமுமன்று.

பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. தை மாத முன்னிரவிலே வடமேற்கு வானில், நம் பஞ்சாங்கத்து உத்திரட்டாதி மீன்களுக்கு அப்பால், சற்று வடக்கே மங்கலாகத் தெரியும் பஞ்சுத் துணுக்கே அந்திரொமேடா. கண் பழகும் வரை இருபது முப்பது நிமிடம் இருளில் இருக்க வேண்டும். பெரிய மகெலன் முகிலுக்கு நெடுந்தீவின் தென்கரையே நல்ல இடம். தை இறுதியில் இரவு ஒன்பது மணியளவில் நேர் தெற்கே, கடலுக்கு மேல் ஏறத்தாழ 10 பாகை உயரத்தில் நிற்கும். சிறியது அந்த நேரத்துக்கு முன்பே அடிவானத்தில் மறைந்துவிடும். குறிகட்டுவானுக்குப் படகு மாலைக்குள் திரும்பிவிடும் ஆதலால், போகிறவர்கள் இரவு தங்குவதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்க.