மாயவி: சென்னையில் பிறந்த திறந்த மென்பொருள்

காற்றோட்டம், வெப்பப் பரவல் போன்றவற்றின் சமன்பாடுகளைக் கணினியில் எண்களாகத் தீர்த்துப் பார்ப்பதே எண்முறை உருவகப்படுத்தல். அது கொட்டும் லட்சக்கணக்கான எண்களை முப்பரிமாணப் படமாக்கும் ‘மாயவி’ மென்பொருளை, சென்னை ஐ.ஐ.டி.யில் வான்வெளிப் பொறியியல் ஆய்வாளராக இருந்த பிரபு ராமச்சந்திரன் 2001 வாக்கில் பைத்தான் மொழியில் எழுதி, மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்துவிட்டார்.

அமெரிக்காவில் உருவான வி.டி.கே. என்னும் திறந்த வரைகலை நூலகத்தின் மேல் அது எழுப்பப்பட்டது. எழுதுவதைவிடப் பேணுவதே கடினம்: பைத்தான் 2 போய் 3 வந்தபோது, பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இடுவது முதல் அனைத்தையும் யாரேனும் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. ஊரே கூடிக் கண்மாய்க்கரை உயர்த்திய குடிமராமத்தையே இவ்வுழைப்பு ஒத்தது. பிரபு மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான பின், பாய்மத்தைத் துகள்களாகக் கொண்டு கணக்கிடும் ‘பைஎஸ்பிஎச்’ மென்பொருளும் திறந்த மூலநிரலாகவே வளர்ந்தது.