காப்புரிம வழக்குகளில் சான்று மெய்ப்பித்தலும் செவிவழிச் சான்றும் (ஐக்கிய அமெரிக்கா)

ஓர் ஆவணம், அதை முன்வைப்பவர் கூறும் ஆவணமே என்று நிறுவுவது மெய்ப்பித்தல் எனப்படும். நீதிமன்றத்திற்கு வெளியே கூறப்பட்ட ஒன்றை, அதன் பொருள் உண்மை என்று காட்டுவதற்காக முன்வைப்பது செவிவழிச் சான்று ஆகும். விதிவிலக்குகளுள் அடங்காத செவிவழிச் சான்று ஏற்கப்படுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1975 முதல் நடைமுறையிலுள்ள கூட்டாட்சிச் சான்று விதிகள் இவற்றை வரையறுக்கின்றன. 2012 இல் செயற்படத் தொடங்கிய காப்புரிம விசாரணை, மேல்முறையீட்டு வாரியத்திற்கும் இவ்விதிகள் பொதுவாகப் பொருந்தும்.

முக்கியத்துவம்

காப்புரிம விண்ணப்பத்திற்கு முன்பே வெளியான ஒரு கட்டுரையோ வலைப்பக்கமோ அக்கண்டுபிடிப்பை விவரித்திருப்பின், காப்புரிமம் செல்லாததாகலாம். ஆகவே, ஆவணத்தில் என்ன உள்ளது என்பதைப் போலவே, அது எப்போது வெளியானது என்பதும் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும்.

மெய்ப்பித்தல்

நேரடியாக அறிந்தவரின் சாட்சியம், மெய்ப்பிக்கப்பட்ட மற்றொரு படியுடன் ஒப்பிடுதல் முதலிய வழிகளை விதி 901 குறிப்பிடுகின்றது. 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி 902(13), 902(14) ஆகியவற்றின்படி, மின்னணுப் பதிவுகளையும் தரவுப் படிகளையும் தகுதியுள்ள ஒருவரின் எழுத்துச் சான்றிதழ் மூலம் மெய்ப்பிக்கலாம். மூலத்தின் ஹாஷ் மதிப்பும் படியின் ஹாஷ் மதிப்பும் ஒன்றாக இருப்பதைக் காட்டுவது இதற்கான வழக்கமான முறையாகும்.

செவிவழிச் சான்று

ஒரே தாளின் இரு பகுதிகள் இருவேறு விதமாக நடத்தப்படலாம். கட்டுரையின் தொழில்நுட்ப விளக்கம், அத்துறையினர் அதிலிருந்து எதை அறிந்திருக்க முடியும் என்பதைக் காட்டவே பயன்படுவதால் செவிவழிச் சான்று ஆகாது. ஆனால் அதில் அச்சிடப்பட்ட தேதியைக் கொண்டு வெளியான நாளை நிறுவ முயன்றால், அது செவிவழிச் சான்று என எதிர்க்கப்படலாம். அந்நிலையில் நூலகரின் சாட்சியமோ, வணிகப் பதிவுகளுக்கான விதி 803(6) விதிவிலக்கோ உதவும். 1998 சனவரி 1 இற்கு முன் உருவாக்கப்பட்டு மெய்ப்பிக்கப்பட்ட ஆவணங்களுக்கு விதி 803(16) விலக்களிக்கின்றது.

இணையப் பக்கங்கள்

இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெசின், ஒவ்வொரு பக்கமும் சேமிக்கப்பட்ட நேரத்தை முகவரியிலேயே 14 இலக்கங்களில் பதிகின்றது. வால்வ் எதிர் அயர்ன்பர்க் வழக்கில் (2021), ஓர் இணையத் திறனாய்வின் அச்சுப்படி மெய்ப்பிக்கப்படவில்லை என்று வாரியம் விலக்கியிருந்தது. அதனை வேபேக் மெசின் படியுடன் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சி வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எதிர்ப்புக்கான காலவரை

வாரியத்தில் விசாரணை தொடங்கிய பின் வழங்கப்படும் சான்றுக்கு, அது கிடைத்த 5 வேலை நாட்களுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். எதிர்ப்பைப் பெற்றவர் 10 வேலை நாட்களுக்குள் துணைச் சான்று அளித்துக் குறையை நீக்கலாம்.